தளத்தை விட்டு இறங்காதவள்

தீர்ப்புச் சொல்லத் துணிச்சல் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கதையை வாசிக்கலாம். மற்றவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திருநெல்வேலிக்குத் தெற்கே மரகதவல்லி என்றொரு காண்ட்ராக்டர் இருந்தாள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சின்னப் பாலம் என்று கட்டிக் கொடுப்பவள். சித்தாள் வேலைக்குப் பெண்கள் வேண்டும், இன்ஜினீயர் வேலைக்கு மட்டும் வேண்டாமாக்கும் என்று அவளுக்கு ஓர் ஆத்திரம். அதனால் வருஷத்துக்கு ஒரு பெண்ணுக்கு சிவில் இன்ஜினீயரிங் படிக்க முழு உதவித்தொகை கொடுத்துவந்தாள். ஒரே ஒரு பெண்ணுக்குத்தான். அதற்கு மேல் அவளால் முடியாது.

சும்மாவும் கொடுத்துவிட மாட்டாள். கடைசிச் சுற்றுக்கு வந்த பெண்களைத் தளம் போடும் நாளன்று வேலையிடத்துக்கு வரவழைப்பாள். கான்கிரீட் போட ஆரம்பித்தால் கண்ட இடத்தில் நிறுத்தக் கூடாது. பழசும் புதுசும் ஒட்டாமல் பின்னால் அங்கே ஒழுகும். சோறு, தண்ணீர் எல்லாம் முடித்த பிறகுதான். "தளம் முடியுற வரைக்கும் எவ கீழ எறங்கலையோ அவளுக்குத்தான் படிப்பு. இது சத்தியம்" என்று கொத்தனார்கள், சித்தாள்கள் எல்லோருக்கும் முன்னால் அந்த வருஷமும் சொன்னாள். ஒருத்திக்கு மேல் நின்றால் மார்க்கைப் பார்ப்பாள். சொன்ன சொல்லை மாற்றியவள் என்ற பெயர் அதுவரை அவளுக்குக் கிடையாது.

அன்றைக்கு மேலே ஏறியவர்கள் இசக்கியம்மாள், மும்தாஜ், பியூலா. மற்ற இருவருக்கும் அது படிப்பு. இசக்கிக்கு அது உயிர். அப்பா அம்மா இல்லாத அவளை, முதல் பெண்டாட்டியை அடித்தே கொன்றவன் என்று ஊர் பேசும் ஒருவனுக்குக் கட்டிவைக்க அண்ணன் சுடலைமுத்து நாள் குறித்துவிட்டான். கல்லூரி விடுதிக்குப் போய்விட்டால் தப்பித்தாள். மரகதவல்லிக்கும் இது தெரியும்.

பாதித் தளம் முடிந்திருந்தபோது சுடலைமுத்து அரிவாளோடு வந்தான். கேட்டில் மறித்த வாட்ச்மேன் பிச்சையாவின் தோளில் முதல் வெட்டு விழுந்தது. அவருடைய காக்கிச் சட்டை ஒரு பக்கம் முழுக்கச் சிவந்துபோயிற்று. கீழே நின்ற ஆட்கள் கலவை மிஷினை அப்படியே போட்டுவிட்டுச் சிதறி ஓடினார்கள்.

"ஏட்டி, எறங்குதியா, இல்ல இவன் தலைய எடுக்கட்டா?"

"எறங்க மாட்டேன்" என்றாள் இசக்கி. அவள் கையில் கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கொட்டிக் கிடந்த கான்கிரீட்டுக்குள் அதை விட்டு விட்டு எடுத்தாள். வேலை நிற்கவில்லை.

பிச்சையா தளத்துக்கு அடியில், முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளுக்கு நடுவே ஓடினார். சுடலைமுத்து பின்னாலேயே புகுந்து கண்மண் தெரியாமல் வெட்டினான். கழுத்துக்கு வைத்த வெட்டு ஒரு கம்பில் பாதி ஆழம் பாய்ந்தது. பிடுங்கி மறுபடி வீசியதில் பிச்சையாவின் இரண்டு விரல்கள் துண்டாகி விழுந்தன. மணல் குவியல் அருகே நின்ற மரகதவல்லிக்கு ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, கால் அசையவில்லை. தன்னுடைய அந்தப் பயத்தை அவள் பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை.

மும்தாஜ் மேலிருந்து குதித்தாள். கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். சுடலைமுத்துவின் மணிக்கட்டு முறிந்து அரிவாள் எகிறி வெளியே விழுந்தது. அத்தோடு விட்டாளா? நெஞ்சில் இன்னொன்று வைத்தாள். அவன் மல்லாக்க முட்டுகளின் மேல் சாய்ந்தான். வெட்டுப்பட்டிருந்த கம்பு ஒடிந்தது, பக்கத்துக் கம்பும் நழுவியது. மும்தாஜ் பிச்சையாவின் அக்குளில் கைகொடுத்து அவரை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மேலே பியூலா, பரப்பியிருந்த கான்கிரீட்டில் சிமென்ட் கரைந்த தண்ணீர் ஒரே மூலையைப் பார்த்து ஓடுவதைக் கண்டாள். மட்டமாக இருக்கும் தளத்தில் அது அப்படி ஓடாது.

"முட்டு போயிட்டு! எல்லாரும் எறங்குங்க!"

கொத்தனார்கள் இறங்கிவிட்டார்கள். இசக்கி மட்டும் வைப்ரேட்டரை விடவில்லை. "எறங்குனா நான் செத்தேன்" என்று கத்தினாள். பியூலா அவள் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டு, தலைமுடியைப் பிடித்து இழுத்து மணல் குவியலில் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள். அந்த மூலை இடிச் சத்தத்தோடு கீழே வந்தது. தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்த சுடலைமுத்துவின் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூவரும் மரகதவல்லியைச் சூழ்ந்துகொண்டார்கள். இசக்கியின் உதடு வீங்கியிருந்தது.

"நானா எறங்கல அக்கா, இவதான் தள்ளிவிட்டா. உங்க சத்தியப்படி படிப்பு எனக்குத்தான்."

"நான் எறங்கலைன்னா வாட்ச்மேன் அண்ணன் இந்நேரம் பொணம்" என்றாள் மும்தாஜ்.

"நான் தள்ளலைன்னா இவளும்தான்" என்றாள் பியூலா.

சொல்லுங்கள், உதவித்தொகை யாருக்கு? மரகதவல்லி சத்தியத்தைக் காப்பதா, மீறுவதா?

விடை: பியூலாவுக்குத்தான். மும்தாஜ் ஓர் உயிரைக் காப்பாற்றினாள், மறுக்கவில்லை. ஆனால் முதல் அடியிலேயே அரிவாள் போய்விட்டது. இரண்டாவது அடி கோபத்துக்கு அடித்தது, முட்டுக் கம்பைச் சாய்த்ததும் அதுதான். இசக்கி சத்தியத்தைச் சொல்லுக்குச் சொல் காப்பாற்றினாள், தன் காலுக்குக் கீழே தாங்குவது என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. பார்த்தவள் பியூலா ஒருத்தி. ஆகவே மரகதவல்லி சத்தியத்தை மீறினாள், மீறியதுதான் சரி. இசக்கியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சுடலைமுத்துமேல் தன் பெயரிலேயே புகாரும் கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில் இசக்கி கேட்டாள்: "அப்போ நான் மேலயே நின்னு செத்திருந்தா எனக்குக் குடுத்திருப்பியளா அக்கா?" அடுத்த வருஷத்திலிருந்து மரகதவல்லி எந்தப் பெண்ணையும் தளத்தில் ஏற்றிச் சோதிக்கவில்லை.