தார்ச்சட்டியின் சுருதி

பந்தியில் பரிமாறும்போது இளம்பரிதியின் பெரியப்பா ஒன்று சொல்வார். "போனவனுக்கு இலை போட்டு வைத்தால், இருப்பவன்..." மீதி அவனுக்கு மறந்துவிட்டது. கிட்டாரோடு பெரம்பூர் தேவாலயத்துப் படியேறும்போது அந்தப் பாதிப் பேச்சு எதற்கோ நினைவுக்கு வந்து, இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

உள்ளே ஹெலன் மாஸ்டர் ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாடற்குழுவை நடத்துபவர். பரிதிக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

"துரோகிங்க மாஸ்டர். எல்லாரும் துரோகிங்க."

"யாருடா?"

"நேத்து ஒத்திகையில பாதியில மைக்கை வெச்சிட்டுப் போயிட்டா நிலோபர். சனிக்கிழமை பெங்களூர் மேடை. இதை விட்டா எங்க பாண்டை எவனும் கூப்பிட மாட்டான். பாடுறதுக்கு உங்க குழுவுலேர்ந்து ஒரு பையனைக் குடுங்க."

"உட்காரு."

அவன் உட்காரவில்லை. 'தார்ச்சட்டி' என்று பெயர் வைத்து ராக் இசைக்குழு தொடங்கியபோது அவனுக்கு இருபத்தைந்து. இப்போது தலை நரைத்துவிட்டது. டிரம்ஸ்காரன் துபாய்க்குப் போனான். வெள்ளத்தில் ஸ்பீக்கர்கள் போயின. கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டு வாசித்துக் குழுவை உயிரோடு வைத்திருந்தான்.

"இலை போட்டேன், சோறும் போட்டேன். தின்னுட்டு எழுந்து போயிட்டாங்க!"

"எதுக்குக் கத்துற? கர்த்தருக்குக் காது கேக்கும். கிட்டாரைக் குடு."

வாங்கி ஒருமுறை மீட்டினார். முகம் சுளித்தார்.

"என்னடா, கொடிக்கயிறு மாதிரி தொங்குது?"

"சுருதி ஒரு கட்டை இறக்கியிருக்கு. முதல்ல பாடின வில்சனுக்குக் கனத்த குரல். அவனுக்காக இறக்கினது."

"வில்சன் எங்க?"

"கனடாவுல லாரி ஓட்டுறான். அவன்தான் முதல் துரோகி."

"அவனுக்கு அப்புறம்?"

"மூணு பேர் பாடினாங்க. கடைசியா நிலோபர்."

"யாருக்காவது சுருதியை ஏத்தினியா?"

"எதுக்கு ஏத்தணும்? தார்ச்சட்டின்னா அந்தச் சத்தம்தான் மாஸ்டர்! பாட வர்றவங்கதான் அதுக்கு வரணும்."

மாஸ்டர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். பிருடைகளைத் திருகித் தந்திகளை இன்னும் தளர்த்தினார். பிறகு அவனுடைய பாட்டையே வாசித்தார்.

"பாடு."

பரிதி பாடினான். இரண்டாம் வரியில் குரல் தொண்டைக்குழிக்குள் இறங்கி வெறும் காற்றாகிவிட்டது.

"கேக்கல. அடிவயித்துலேர்ந்து பாடு."

அவன் திடுக்கிட்டான். நேற்று நிலோபரிடம் அவன் கத்திய அதே சொல்.

மறுபடி பாடினான். குரல் தவளைபோல் கரகரத்தது. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"இவ்வளவு கீழ எனக்கு வராது மாஸ்டர்."

"வரும். வில்சனுக்கு வந்திருக்கும்."

"நான் வில்சன் இல்ல!"

"அவன் மாதிரி பாடு."

"என்ன, அவமானப்படுத்துறீங்களா?" கிட்டாரை அவர் கையிலிருந்து பிடுங்கினான். முகம் கொதித்தது. "மனுஷனோட குரல் என்னன்னு கேக்காம பாடு பாடுன்னா எவன் பாடுவான்? நான் போறேன்."

விறுவிறுவென்று வாசல்வரை போய்விட்டான்.

மாஸ்டர் ஆர்கன் துணியை உதறினார்.

"தாராளமாப் போ. நாளைக்கு யாராவது கேட்டா, பரிதி ஒரு துரோகின்னு சொல்லுவேன்."

அவன் நிலைப்படியில் நின்றான். தளர்ந்து தொங்கிய தந்திகளைத் தடவிப் பார்த்தான்.

அங்கிருந்து நேராக நிலோபர் வீட்டுக்குப் போனான். அவளைப் பாடச் சொல்லி, அவள் குரல் நின்ற இடத்துக்குத் தந்திகளை ஏற்றினான்.