தமுக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த தண்ணி

ஒரு பட்டணம், அந்தப் பட்டணத்துக்கு ஒரு ராஜா. உம் கொட்டிக்கிட்டே கேளு, நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ராஜா நல்லவர்தான். ஜனங்களுக்குத் தண்ணி ஒழுங்கா வருதா, தெருவைப் பெருக்குறாங்களா, விளக்கு எரியுதான்னு நேர்ல போய்ப் பாக்கணும்னு நினைக்கிறவர். எத்தனை ராஜா அப்படி நினைப்பாங்க? ஆனா அந்த அரண்மனையில ஒரு வழக்கம் இருந்துச்சு. ராஜா ஒரு தெருவுக்குப் போறதுக்கு முந்தின நாள், தமுக்குக்காரன் அந்தத் தெருமுனையில நின்னு டம டம டமன்னு மூணு தரம் அடிக்கணும். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். சத்தம் கேட்டாலே நாளைக்கு ராஜா வர்றார்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

தெரிஞ்சா என்ன ஆகும்? விருந்தாளி வர்றாங்கன்னா நாம கட்டிலுக்கு அடியில அழுக்குத்துணியைத் தள்ளுறோமே, அதுதான் ஆகும். விளக்குக்குப் பொறுப்பான அதிகாரி விளக்கு மணியம் ஓடி வந்து எண்ணெய் ஊத்துவார், குப்பை மணியம் ஓடி வந்து பெருக்க வைப்பார், தண்ணி மணியம் ஓடி வந்து மடையைத் திறப்பார். ராஜா பல்லக்குல வந்து பாத்து, பேஷ்னு சொல்லிட்டுத் திரும்புவார். பல்லக்கு அந்தப் பக்கம் போனதும் விளக்கு அணையும், குப்பை சேரும், மடை மூடும்.

மடையை மூடினா அந்தத் தண்ணி எங்க போகும்னு கேக்கணுமே நீ. தண்ணி மணியம் ஆண்டியப்பனோட வாழைத்தோப்புக்குப் போகும்.

இதுல அடிபட்டது குயவர் தெரு. தண்ணி இல்லாம மண்ணு எப்படிக் குழையும், குழையாத மண்ணுல பானை எப்படி வரும்? அதோட இன்னொரு ஆபத்தும் சேர்ந்துச்சு. ஒரே தெருவுல மூணு தரம் ராஜா பேஷ் சொன்னா, அந்தத் தெருவோட மடைச்சாவி தண்ணி மணியத்துக்கும் அவர் பேரன் பேத்திக்கும் நிரந்தரமா சொந்தம். குயவர் தெருவுல ரெண்டு பேஷ் ஆயிடுச்சு. மூணாவதுக்கு ராஜா அமாவாசைக்குள்ள ஒரு நாள் வர்றதா இருந்தார், எந்த நாள்னு யாருக்கும் தெரியாது. அமாவாசைக்குப் பத்து நாள் பாக்கி.

குயவர் தெருவுல இசக்கியம்மான்னு ஒருத்தி, பானை வனையிறதுல கெட்டிக்காரி. மூணாவது பேஷ் விழுந்தா இந்த ஊர்ல பிழைக்க முடியாதுன்னு, சக்கரத்தைக் கழட்டி வண்டியில ஏத்திட்டா. அந்தப் பக்கமா தமுக்குக்காரன் சொரிமுத்து வந்தான். ஊரு அவனை அரைக்கிறுக்குன்னு சொல்லும், அவனும் ஆமான்னு சொல்லிச் சிரிப்பான். என்னக்கா வண்டியெல்லாம் நிக்குதுன்னு கேட்டான்.

"ஏலே, நீ தமுக்கு அடிக்கிற அன்னைக்கு மட்டுந்தான் எங்க தெருவுல தண்ணி ஓடுது. நீ அடிக்காத நாள்ல நாங்க என்னத்தைக் குடிக்க?"

சொரிமுத்து தலையைச் சொறிஞ்சான். அப்புறம், வண்டியை மட்டும் அவுத்து வை அக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

மறுநாள் காலையில குயவர் தெருமுனையில டம டம டம. மூணு மணியமும் விழுந்தடிச்சு ஓடி வந்தாங்க, எண்ணெய் ஊத்தினாங்க, பெருக்கினாங்க, மடையைத் திறந்தாங்க. ராஜா வரலை. அதுக்கு மறுநாளும் டம டம டம. மறுபடி எண்ணெய், மறுபடி விளக்குமாறு, மறுபடி மடை. ராஜா வரலை. மூணாம் நாளும் அதே கதை. வராம இருந்து, திடீர்னு வந்துட்டா? அந்தப் பயத்துல யாரும் எதையும் நிறுத்தலை. ஒம்பது நாள் தெரு கண்ணாடி மாதிரி கிடந்துச்சு, தண்ணி சலசலன்னு ஓடுச்சு, இசக்கியம்மா சக்கரத்தை வண்டியில இருந்து இறக்கி, விடிய விடியப் பானை வனைஞ்சா.

பத்தாம் நாள் மூணு மணியமும் பொறுக்க முடியாம அரண்மனைக்கே போனாங்க. ஒம்பது நாளா தமுக்கு அடிக்கிறாங்க, நீங்க வரவே இல்லையேன்னு முறையிட்டாங்க. எண்ணெய் தீந்துபோச்சுன்னார் விளக்கு மணியம். ஆளுங்க கை தேஞ்சுபோச்சுன்னார் குப்பை மணியம். ஆண்டியப்பனுக்கு ஆத்திரம், குலை வெட்டுற நேரத்துல தோப்பு வாடிக் கிடக்கு. தெருவுக்கே தண்ணி விட்டு விட்டு என் வாழை காஞ்சுபோச்சுன்னு கத்திட்டார்.

ராஜா நிமிர்ந்து உக்காந்தார். "நான் வராட்டா தெருவுக்குத் தண்ணி விட மாட்டியா?"

"நீங்க வராத நாள்ல யாரு விடுவா, மகாராஜா?"

சொன்ன பிறகுதான் அந்த மனுஷனுக்குத் தான் என்ன சொன்னோம்னு உறைச்சுது. ஆனா சொன்னது சொன்னதுதானே.

ராஜா சொரிமுத்துவைக் கூப்பிட்டு, யார் சொல்லி அடிச்சேன்னு கேட்டார். அவன் கையைக் கட்டிக்கிட்டு, தமுக்குக்குப் புதுத்தோல் போட்டேன், அடிச்சு அடிச்சுத்தானே பழக்கணும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை மகாராஜான்னான். சபையே சிரிச்சுது. ராஜா சிரிக்கலை.

"ரெண்டு தரம் அந்தத் தெருவுக்குப் போயிருக்கேன். ரெண்டு தரமும் நான் தெருவைப் பாக்கலை. எனக்குப் பயப்படுறவங்களைப் பாத்திருக்கேன், அதைத்தான் பேஷ்னு சொல்லியிருக்கேன்."

அப்புறம் தீர்ப்புச் சொன்னார். மூணு மணியமும் குயவர் தெருவுலேயே குடியிருக்கணும், ஆண்டியப்பனுக்குத் தண்ணி கடைசியா எட்டுற கடைக்கோடி வீடு. மடைச்சாவி இசக்கியம்மா கையில. வாழைக்குத் தண்ணி வேணும்னா ஆண்டியப்பன் குடத்துல சுமந்து ஊத்திக்கலாம், குடத்தைக் குயவர் தெருவுலதான் வாங்கணும். இசக்கியம்மா கொஞ்சம் பெரிய குடமாப் பாத்துக் கொடுத்தாளாம், கனக்கட்டும்னு.

அதுக்கப்புறம் ராஜா தெருவைப் பாக்கணும்னா தமுக்கும் இல்ல, பல்லக்கும் இல்ல. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, காலிக்குடத்தோட வருவார். ஒரு நாள் வந்து, தண்ணிக்கு நின்ன வரிசையில முன்னால புகுந்துட்டார். "யாருய்யா அது, பின்னால போய் வரிசையில நில்லு"ன்னா இசக்கியம்மா. ராஜா போய் நின்னார்.

ஜனங்களுக்கு எப்படி நடக்குதுன்னு தெரியணும்னா, அவங்களோட நின்னு காத்திருந்துதான் தெரியும். வரிசை நகர்ந்துச்சு, ராஜாவுக்குக் குடம் நிறைஞ்சுது, எனக்குக் கதை நிறைஞ்சுது, நீ போய்ப் படு.