காக்காயைக் கண்டால் அழும் குழந்தை

உமையாள் அம்மையின் மடத்தில் சீடர்களுக்கு முதல் வேலை தொட்டில் ஆட்டுவது. நடவுக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். அரிசி ஆலையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவு கற்க வந்த மாசிலாமணிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. குருவுக்கோ அவர் மகள் வயது. ஆனாலும் குரு குருதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார்.

செல்லக்கிளியின் மகள் பொற்கொடி தவழுகிற பிள்ளை. தாய் கிளம்பினால் ஊரைக் கூட்டிவிடுவாள். மாசிலாமணி ஒரு வழி கண்டுபிடித்தார். "அதோ பாரு, காக்கா!" என்பார். பிள்ளை திரும்பும். தாய் பின்வாசல் வழியே நழுவிவிடுவாள்.

சில நாள் நன்றாகத்தான் நடந்தது. பிறகு காக்காயைக் கண்டாலே பொற்கொடி வீறிட்டு அழுதாள். தாயின் சேலையைப் பிடித்தால் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். மடத்தில் காக்காய்க்கா பஞ்சம்?

"நேத்தும் லேட்டு, இன்னைக்கும் லேட்டு சாமி. நாளைக்கும் இப்படின்னா வேற ஆள் வெச்சுக்கறேன்னு வயக்காரங்க சொல்லிட்டாங்க" என்று செல்லக்கிளி கண் கலங்கினாள்.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. குருவிடம் ஓடினார்.

"அம்மா, இந்தப் பிள்ளையோட பற்றை எப்படி அறுக்கறது?"

"சொல்றேன். அங்க பாருங்க பெரியவரே, மயில்!"

திரும்பினார். மயில் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தால் குருவையும் காணோம்.

மடம் முழுக்கத் தேடினார். மத்தியானம் சோறு இறங்கவில்லை. கை தொட்டிலை ஆட்டியது, கண் வாசலிலேயே கிடந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு உமையாள் அம்மை சாவகாசமாக வந்து சேர்ந்தார்.

"எங்கம்மா போனீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொன்னா வருத்தப்படுவீங்களே."

"பட்டா பட்டுட்டுப் போறேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் செல்லக்கிளியைப் பிள்ளையின் முகம் பார்த்தே சொல்ல வைத்தார்.

"போயிட்டு வரேன்டி தங்கம். மத்தியானம் பால் குடுக்க வந்துருவேன்."

பொற்கொடி அழுதாள். மாசிலாமணி வேடிக்கை எதுவும் காட்டாமல் தோளில் போட்டுக்கொண்டார். காவித் துண்டு நனைந்தது. மத்தியானம் தாய் சொன்னபடி வந்தாள். அடுத்த நாளும் அழுகை, அடுத்த நாளும் வந்தாள்.

நடவு முடிவதற்குள் அழுகை சிணுங்கலாகக் குறைந்துவிட்டது. செல்லக்கிளியும் எல்லோருக்கும் முன்னால் வயலில் இறங்கினாள்.

ஒருநாள் தாய் போனதும் பொற்கொடி மாசிலாமணியின் மடியிலிருந்து தானே வழுக்கி இறங்கினாள். முற்றத்தில் தவழ்ந்தாள். துளசி மாடம் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதைக் கண்டதும் செம்பருத்தி வேலியை நோக்கி விறுவிறுவென்று தவழ்ந்து போனாள்.

மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களாம்மா! பற்று அறுந்துபோச்சு!"

உமையாள் அம்மை சிரித்தார்.

"அறுந்திருந்தா அவ்வளவு தூரம் போவாளா, பெரியவரே?"