டக் சத்தம் நின்றபோது

“மேடம், மறுபடியும் செத்துப்போச்சு.”

ஆய்வகத்தில் ஜெசிந்தாவின் விரல் கண்ணாடியை நகர்த்தும் திருகின் மேலேயே இருந்தது. கருவியைக் குளிரூட்டும் ஹீலியம் சாயங்காலம்வரைதான் தாங்கும். அடுத்த உருளை வர ஆறு மாதம்.

குமுதவல்லி மேடம் டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். “எது செத்துச்சு?”

“ஸ்பீக்கர். டக் டக்னு அடிச்சுக்கிட்டே இருந்தது. பட்டுன்னு நின்னுடுச்சு.”

குளிருக்குள் இருந்த குவாண்டம் புள்ளி என்னும் மிகச் சிறிய படிகம், லேசர் தொடும்போதெல்லாம் ஒரே ஒரு ஒளித்துகளை உமிழும். அடுத்தடுத்து வரும் இரண்டைப் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் சந்திக்க விடுவார்கள். இம்மி வேற்றுமை இருந்தாலும் சில நேரம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோகும். ஸ்பீக்கர் ‘டக்’ என்னும். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தால் ஒரே பக்கம் சேர்ந்தே போகும். சத்தம் இராது.

“நின்னா நல்லதுதானே?”

“நம்ம புள்ளி அவ்வளவு நல்லதில்லை மேடம். சத்தம் பாதி குறையும்னு எதிர்பார்த்தேன். சுத்தமா நின்னா எங்கேயோ கோளாறு.”

“என்ன செஞ்சே?”

“திருகைத் திருகினேன். சத்தம் வந்துச்சு. போன உயிர் திரும்பின மாதிரி இருந்தது.”

“எத்தனை தடவை?”

“திங்கட்கிழமையிலிருந்து... பதினோரு தடவை.”

மேடம் டீயைச் சிந்தாமல் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“உன் பிள்ளை தூங்கினா என்ன செய்வே?”

“மூக்குக்கிட்ட விரல் வெச்சுப் பார்ப்பேன்.”

“மூச்சு தெரியலைன்னா?”

ஜெசிந்தா தலைகுனிந்தாள். “கிள்ளிடுவேன்.”

“அடிப்பாவி!”

மேடம் எழுந்தார். ஒரு துகளின் அதிர்வுத் திசையை மட்டும் மாற்றி அதை வேறாக்கும் தகடு அங்கே இருந்தது. அதைத் திருப்பினார்.

டக். டக். டக்.

பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

நின்றது.

மறுபடி திருப்பினார். டக். டக்.

பழைய இடம். நின்றது.

“துகள் ரெண்டும் வந்துக்கிட்டுதான் இருக்கு. கோளாறா?”

ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?”

“கையை மடியில வை.”

மேடம் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெகுநேரம் ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. பிறகு, ஒரே ஒரு ‘டக்’.

ஜெசிந்தாவின் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. மடிக்குத் திரும்பியது.

கதவருகிலிருந்து குரல் கேட்டது.

“மூச்சு வருதா?”

“வருது மேடம்.”