பிரிசில்லா புலி பார்க்கப் போன கதை

எங்கள் தெருவில் புத்தியுள்ளவர்கள் தேவைக்கு அதிகமாகவே இருந்தார்கள். அதைச் சரிக்கட்டத்தான் ஆண்டவர் கோடி வீட்டில் இருதயராஜையும் பிரிசில்லாவையும் குடிவைத்தார் என்று நினைக்கிறேன்.

பிரிசில்லாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே ஆசை. நிஜப் புலி ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். மே மாதம் பிறந்ததும் தெருக்குழாயில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள்.

"காரிலேயே போறோம். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, மூணு காடு. கூடாரத்துல தங்கல். புலியைப் பார்க்காம திண்டுக்கல் மண்ணை மிதிக்க மாட்டேன், ஆமா."

மாமியார் ஞானம்மாளுக்குப் புலியைப் பற்றிக் கவலையில்லை. பேரன் டென்சிலைப் பற்றித்தான். அவனுக்கு இன்னும் நடக்க வரவில்லை.

"காட்டுக்குள்ள போயிட்டா ரெண்டு பேரும் பிள்ளையையே பார்த்துக்கிட்டு இருக்கணும். கண்ணு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்புச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த வருஷம் தெருமுனையைக்கூடத் தாண்ட விட மாட்டேன்."

"சரிங்கத்தை" என்றாள் பிரிசில்லா. சொன்னால் சொன்னபடி நடக்கிறவள்.

மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு பலகை நின்றது. 'யானைகள் கடக்கும் இடம்.' இருதயராஜ் வண்டியை நிறுத்திவிட்டான்.

"ஏங்க நின்னுட்டீங்க?"

"யானை கடக்கும்னு போட்டிருக்கே. அது கடக்கறதுக்குள்ள நாம போனா மரியாதையா?"

"அதுவும் சரிதான். எத்தனை யானைன்னு போட்டிருக்கா?"

"இல்லையே. வந்ததும் கேட்டுக்குவோம்."

வெயில் உச்சிக்கு ஏறியது. பின்னால் மாட்டிக்கொண்ட லாரிக்காரர் இறங்கி வந்து விசாரித்தார். ரொம்ப நேரம் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "யானையெல்லாம் நேத்தே கடந்துடுச்சுப்பா" என்றார்.

"எல்லாமா அண்ணே?"

"குடும்பத்தோட!"

நிம்மதியாகக் கிளம்பினார்கள்.

முதுமலையில் வனத்துறை வேனில் ஏறி உட்கார்ந்ததும் டென்சிலை நடுவில் வைத்து இருவரும் அவனையே பார்க்க ஆரம்பித்தார்கள். "யானை! குட்டியோட!" என்று வேனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவர்கள் அசையவில்லை.

"என்னங்க, கண்ணு எரியுது. சிமிட்டிக்கட்டுமா?"

"அவசரப்படாத. ரெண்டு பேரும் ஒண்ணா சிமிட்டிட்டா பிள்ளையை யார் பார்க்கறது? முதல்ல நான். நீ பார்த்துக்க. ம், ஆச்சு. இப்ப நீ."

இப்படியே காடு முடிந்துவிட்டது.

அன்று தங்கியது காட்டுக்கு வெளியே ஒரு முகாமில். கூடாரம் போட்டு நிமிர்ந்தால் எதிரே இன்னொரு பலகை. 'கொண்டுவந்த குப்பையைத் தவறாமல் திரும்ப எடுத்துச் செல்லவும்.' பிரிசில்லாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"பார்த்தீங்களா? எல்லாரும் மூட்டை மூட்டையா கொண்டுவந்திருக்காங்க. நாமதான் வெறுங்கையோட வந்து நிக்கிறோம்."

"நம்ம வீட்ல யாருமே சொல்லலையே பிரிசி."

பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் நல்ல மனுஷர்கள். கேட்டதும் ஒரு மூட்டை கொடுத்தார்கள். இன்னொன்றும் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள்.

பந்திப்பூரிலும் முதுமலைக் கதைதான். சிறுத்தை வந்ததாம். இவர்கள் முறைவைத்துச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது நாகரஹொளே ஒன்றுதான். முந்தின நாளெல்லாம் பிரிசில்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருக்குழாயில் என்ன முகத்தோடு போய்க் குடம் வைப்பது?

ஜீப் காட்டுக்குள் போய்ச் சட்டென்று நின்றது. வழிகாட்டி பசவண்ணாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். குரலை இறக்கி, "அம்மா, புலி. உங்க பின்னாடி. மெல்லத் திரும்புங்க" என்றார்.

பிரிசில்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணோ டென்சில் மேல்.

"என்னங்க, ஒரே ஒரு தடவை திரும்பட்டுமா? நீங்க பிள்ளையைப் பாருங்க."

"ரெண்டு பேரும்னுல்ல அம்மா சொன்னாங்க."

"பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கமா பிடிச்சா? அவனுக்குப் பின்னாடியே புலியும் தெரியுமே!"

இருதயராஜ் யோசித்தான். நன்றாகவே யோசித்தான்.

"தெரியும். ஆனா தெரிஞ்சா பார்த்துருவோமே, பிரிசி."

பசவண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார்.

டென்சில் மட்டும் அவர்கள் தோளுக்கு மேலே பார்த்துக் கை தட்டினான். எச்சில் ஒழுகச் சிரித்தான். "மியா" என்றான். அவன் கருவிழிக்குள் மஞ்சளாகக் கோடு கோடாக ஏதோ அசைவதைப் பிரிசில்லா பார்த்தாள்.

"ஐயோ, பிள்ளை கண்ணுல தூசி!" என்று பதறி, ஃபூ ஃபூ என்று ஊதினாள்.

ஊதி முடித்தபோது கண்ணும் சுத்தமாகிவிட்டது, புலியும் போய்விட்டது.

திண்டுக்கல்லில் கார் வந்து நின்றது. பிரிசில்லா இறங்கவில்லை. சபதம் செய்தவளாயிற்றே! இருதயராஜ் அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் டென்சிலைத் தூக்கிக்கொண்டாள். குப்பை மூட்டை இருதயராஜ் தோளில் தொங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது.

"என்னடா கோலம் இது? புலியைப் பார்த்தீங்களா இல்லையா?" என்றாள் ஞானம்மாள்.

"டென்சில் மட்டும் பார்த்தான்ம்மா. அவன் மிதிக்கலாம்" என்றான் இருதயராஜ், மூச்சு வாங்க. பிரிசில்லா குனிந்து பிள்ளையை மண்ணில் நிறுத்தினாள். நடக்கத் தெரியாதவன் தொப்பென்று உட்கார்ந்து "மியா" என்றான்.

விஷயம் முழுவதையும் கேட்டு ஞானம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மருமகளின் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"போனது போகட்டும்டி. அடுத்த வருஷம் பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் போய் ஆசை தீரப் பார்த்துட்டு வாங்க."

புருஷன் கையில் இருந்தபடியே பிரிசில்லா மாமியாரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நல்லா சொன்னீங்க அத்தை. இவனை விட்டுட்டுப் போனா, அப்புறம் புலியை யார் பார்க்கறது?"