கிளட்ச் மாற்ற எத்தனை மணி நேரம்

திண்டுக்கல்லில் திருச்சி சாலையில் ஒரு கார் ஷோரூம் இருந்தது. அதன் பின்பக்க சர்வீஸ் ஷெட்டில் ஒரு குருவும் ஒரு சீடனும் வேலை பார்த்தார்கள். குரு பவுன்ராஜுக்கு வயது நாற்பது. சீடன் சவரிமுத்துவுக்கு நாற்பத்தாறு. குரு சீடனைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று எந்த நூலிலும் விதி இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சவரிமுத்து பைபாஸ் ஓரம் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் புகுந்தபின் அதை மூடிவிட்டு இங்கே சேர்ந்தார். புது வண்டிகளைப் பவுன்ராஜிடம்தான் கற்றுக்கொண்டார். குரு சீடனை "அண்ணே" என்பார். சீடன் குருவை "மேஸ்திரி" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அங்கே மாதச் சம்பளம் சொற்பம். மீதியெல்லாம் வேலை நேரக் கணக்கு. ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி ஒரு நேரம் குறித்திருந்தது. கிளட்ச் மாற்ற ஐந்து மணி நேரம். மூன்றில் முடித்தாலும் ஐந்துக்கான காசு, ஏழு ஆனாலும் அதே காசு. பவுன்ராஜ் மூன்றில் முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். சவரிமுத்து ஐந்தரைக்குக் குறைந்து முடித்ததில்லை.

ஒரு ஆவணி மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. நேரத்தைத் திருத்தப் போகிறார்கள். என்ஜினீயர் ஒருவர் கடிகாரத்தோடு வருவார். ஷெட்டிலேயே வேகமான ஆள் அவர் கண்முன் ஒரு கிளட்ச் மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் நேரம்தான் இனி எல்லோருக்கும். மூன்று மாதம் தொடர்ந்து அதற்குள் முடிக்காதவர்களை வாட்டர் வாஷுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்றரைக்குள் முடித்துக் காட்டினால் அடுத்த சூப்பர்வைசர் பவுன்ராஜ்தான் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

என்ஜினீயர் வருவதற்கு முதல் நாள் டீக்கடையில் சவரிமுத்து கேட்டார்.

"மேஸ்திரி, நாளைக்கு எத்தனை மணி நேரத்துல முடிப்பீங்க?"

"முடியறப்ப முடியும்ணே."

"எனக்குத் தண்ணி வேலை ஆகாது. சக்கரை இருக்கு. கால் புண்ணாச்சுன்னா ஆறாது."

பவுன்ராஜ் டீயைக் குடித்து முடித்துவிட்டு, இரண்டு பேருக்கும் காசு கொடுத்தார்.

மறுநாள் காலை என்ஜினீயர் வந்தார். நிரஞ்சன் என்று பெயர், மரியாதையான மனிதர். கடிகாரத்தை அழுத்தினார். பவுன்ராஜ் ஸ்பானரை எடுக்கவில்லை. அலுவலகத்துக்குள் போய், பிரிண்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பெனி புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தார். டூல் பெட்டிமேல் விரித்து வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சீட்டுக்கு உறை போட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

புத்தகத்தில் இருந்ததை வரிசைப்படி செய்தார். கியர் பாக்ஸ் எண்ணெயை முழுக்க வடித்தார். இறக்கிய கியர் பாக்ஸின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுக் கழுவினார். கழற்றிய போல்ட்டுகளைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றையும் முதலில் கையால் சுற்றி, அப்புறம் இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பானரால் குறுக்கு மறுக்காக இறுக்கினார்.

பழைய அச்சு நட்டையே திரும்பப் போடக் கூடாது, புதிது போட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஸ்டோருக்குப் போய் நின்றார். ஸ்டோர்காரர் ரசீது எழுதி, நட்டைத் தேடி எடுத்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. இதைக் கழித்துவிடலாமே என்று என்ஜினீயர் கடிகாரத்தை நிறுத்தப் போனார்.

"ஓடட்டும் சார். மத்த நாள்ல யாரும் எங்களுக்காக நிறுத்துறதில்ல."

ஷெட்டின் பழைய ஆட்கள் மூன்று பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்கு இந்தக் கைகளைத் தெரியும். பத்து வருடம் முன்பு, மாதச் சம்பளம் மட்டும் இருந்த காலத்தில், அங்கே எல்லோருடைய கையும் இப்படித்தான் போகும். டீ வந்தால் எல்லோரும் உட்காருவார்கள். ஒருவர் இறக்கும் கியர் பாக்ஸை, கேட்காமலே இன்னொருவர் வந்து தாங்கிப் பிடிப்பார். டெஸ்ட் டிரைவ் என்று சிறுமலை அடிவாரம்வரை போவார்கள். வண்டி திரும்பும்போது ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் வரும். சோம்பேறிக்கும் அன்று அதே சம்பளம்தான். பழசைப் பேசுகிறவர்கள் இதை மட்டும் மறந்துவிடுவார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கியர் பாக்ஸை ஏற்றும்போது அந்த மூவரில் ஒருவர் தானாகவே கை கொடுக்கப் போனார். பவுன்ராஜ் தலையசைத்து வேண்டாம் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "வாங்க" என்றார்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கடைசி வரி சொன்னது. என்ஜினீயரையும் ஏற்றிக்கொண்டு, சிறுமலை சாலையில் போய்த் திரும்பினார்.

ஐந்தே முக்கால் மணி நேரம்.

மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்ஜினீயர் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். எந்த வரியை அடிக்கலாம் என்று தேடினார் போலிருக்கிறது. ஒன்றும் அகப்படவில்லை. ஐந்தே முக்கால் என்றே எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிப் புறப்பட்டார். அதுவே புது நேரமானது. சூப்பர்வைசர் வேலை அடுத்த மாதம் இன்னொருவருக்குப் போனது.

அன்று சாயங்காலம் குழாயடியில் இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்காகத்தான மெதுவாச் செஞ்சீங்க மேஸ்திரி?"

"மெதுவா எங்கண்ணே செஞ்சேன். ஒரு நிமிசம் சும்மா நின்னேனா?"

சவரிமுத்து யோசித்துப் பார்த்தார். நிற்கவில்லைதான்.

"அப்போ தினமும் மூணு மணி நேரத்துல முடிக்கிறீங்களே, அது?"

பவுன்ராஜ் சோப்புத்தூளைப் போட்டு நகக்கண்ணில் இருந்த கிரீஸை வெகுநேரம் தேய்த்தார். குழாயை மூடினார்.

"இன்னைக்குச் செஞ்ச வண்டிக்குச் சொந்தக்காரர் இப்ப வருவாருண்ணே. பத்து வருசத்துல அவர் ஒருத்தருக்குத்தான் முழு வேலை செஞ்சு குடுத்திருக்கேன். வெளிய சொல்லிராதீங்க. மத்தவங்களும் கேக்க ஆரம்பிச்சிருவாங்க."