ஏலக்காரன் ஈறும் ஒரு பரிவட்டமும்

ஒரு பரிவட்டத்தை ஒரு தலையில்தான் கட்ட முடியும். இந்தக் கதையில் அதற்கு நான்கு தலைகள் இருக்கின்றன. யார் தலை என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். நடுவில் கவனத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி ஏலம் கூவுகிறவன் தங்கமலை. அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவர் அண்ணன் வீரணன். கொடுத்தாரே தவிர, தம்பியோடு அவருக்குப் பேச்சு கிடையாது. ஆபரேஷனுக்கு எட்டு வருடத்துக்கு முன் குலசாமி கோயில் திருவிழாவில், மூத்தவர் தலையில் மரியாதையாகக் கட்ட வேண்டிய பரிவட்டத் துணியைத் தங்கமலை தன் மாமனார் தலையில் கட்டவைத்துவிட்டான். வீரணன் அதை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. ஆபரேஷனுக்கு முன் நர்ஸ், "தம்பி மேல ரொம்பப் பாசம் போல" என்றதற்கு, "கிட்னிதான் குடுக்கிறேன். பேச்சு குடுக்கல" என்றார்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு வேற்றாளாக நினைத்து விரட்டாமல் இருக்கத் தங்கமலை தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். ஒரு வருடத்தில் அந்த மாத்திரை இன்னொரு வேலையும் செய்தது. ஈறு வளர்ந்தது. முன்பற்களுக்கு இடையில் மணி மணியாகப் புடைத்து, பிறகு பல்லையே பாதி மூடியது. உதடு சேரவில்லை. அவன் விலை கூவினால் எழுபதா எண்பதா என்று வியாபாரிகளுக்குப் புரியவில்லை. "ஏலக்காரரே, வாய்க்குள்ள இருக்கிற தக்காளிய முதல்ல ஏலம் விடும்!" என்று ஒருவன் கத்த, சந்தையே சிரித்தது. மறுநாள் வேறொருவன் கூவினான்.

திண்டுக்கல் பல் டாக்டரம்மா மெர்லின், மதுரை சிறுநீரக டாக்டர் இத்ரீஸிடம் கலந்து பேசி, வளர்ந்த ஈறை வெட்டிச் சீர் செய்தார். "ரெண்டு வேளையும் மெதுவா, நல்லாத் தேய்க்கணும்" என்று சொல்லி அனுப்பினார். தங்கமலை தேய்க்கவில்லை. தேய்த்தால் ரத்தம் வருகிறது, புண்ணைக் கிளறக் கூடாது என்று வெறும் தண்ணீரில் கொப்பளித்தான். பத்தே மாதத்தில் ஈறு பழையபடி வந்து உட்கார்ந்தது.

எல்லாம் அந்த மாத்திரையால்தானே என்று அவன் ஒரு முடிவுக்கு வந்தான். ஒருநாள் தம்பி வீட்டைத் தாண்டிப் போன வீரணன், துவைகல்லுக்குப் பின்னால் முழு மாத்திரைகள் மூன்று கிடப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து காலையிலும் இரவிலும் எட்டு மணிக்குத் தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேசமாட்டார். தண்ணீர்ச் சொம்பை விரலால் தட்டுவார். தங்கமலை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் எழுந்திருப்பார்.

"ரெண்டு வார்த்தை பேசினாத்தான் என்ன மாமா?" என்றாள் தங்கமலையின் மனைவி பேச்சியம்மா.

"உன் புருசனப் பாக்க வரல தாயி. என் பொருள் உள்ள இருக்கு. அதுக்குக் காவல்."

பேச்சியம்மா புருசனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் டாக்டர் இத்ரீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்களா நிறுத்தினா அண்ணன் குடுத்தது வீணாப்போயிரும். எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேனே" என்று தங்கமலையிடம் சொன்ன அவர், அந்த மாத்திரைக்குப் பதில் வேறொன்று எழுதினார். அவன் கூடவே விழுங்கிவந்த ரத்தக்கொதிப்பு மாத்திரையும் ஈறை வளர்க்கும் வகை என்று அதையும் மாற்றினார். சில மாதத்தில் வீக்கம் பாதி வடிந்தது. மீதியை மெர்லின் வெட்டினார். புது மாத்திரையில் தங்கமலைக்குக் கை லேசாக நடுங்கியதால், பேச்சியம்மாவே மெல்லிய பிரஷ்ஷால் இருவேளையும் தேய்த்துவிட்டாள்.

அப்போதுதான் அவன் குலசாமிக்கு நேர்ந்துகொண்டான்: "ஈறு மறுபடி மூடாம, வர்ற மாசித் திருவிழா ஏலத்துல நான் வாய் நிறையக் கூவணும். அந்த வாய அப்படிக் காப்பாத்தி வெச்சவங்க தலைக்குப் பரிவட்டம்."

அதற்குள் இரண்டு விஷயம் நடந்தது. மாமனார் வந்து ஒன்பது நாள் தங்கினார். அந்த ஒன்பது நாளும் வீரணன் அந்தத் தெருவுக்கே போகவில்லை. பத்தாம் நாள் போய் மாத்திரை அட்டையையும் துவைகல்லுக்குப் பின்னாலும் பார்த்தார். ஒரு வேளைகூடத் தப்பாமல் தம்பி விழுங்கியிருந்தான். பிறகு மகள் பிரசவத்துக்கென்று பேச்சியம்மா இரண்டு மாதம் வெளியூரில் இருந்தாள். தங்கமலை பழையபடி கொப்பளித்ததோடு சரி. திரும்பி வந்தபோது முன்பல் ஈறு சிவந்து புடைத்து ரத்தம் கசிந்தது. இத்தனைக்கும் அவன் விழுங்கியது புது மாத்திரைதான். அவள் மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள். கத்தி வைக்காமலே ஈறு அடங்கியது.

மாசி வந்தது. திருவிழா ஏலத்தில் தங்கமலை கூவிய கூவலில் தெருவில் போன லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான். பரிவட்டம் யாருக்கு?

போய்க் கேட்டதற்கு மெர்லின் சிரித்தார். "நான் வெட்டினதுதான் ஒரு தடவ திரும்பி வந்துச்சே. மதுரை டாக்டருக்குக் கட்டுங்க." இத்ரீஸ் அதைக் கேட்டு, "வீங்கினதே நான் எழுதின மாத்திரையாலதான். எனக்கெதுக்கு?" என்று சொல்லியனுப்பினார்.

வீரணன் சிரிக்கவில்லை. கோயிலில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கிட்னி என்னுது. வீசின மாத்திரையக் கண்டுபிடிச்சது நான். காவல் கிடந்தது நான். நான் இல்லேன்னா ஈறு என்ன, ஆளே இல்ல. பதினோரு வருசமா என் தலை காத்துக் கிடக்கு."

பேச்சியம்மா, "எனக்கு ஒண்ணும் வேணாம் மாமா. தேச்சது நான்னு மட்டும் யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

"பொம்பளைக்குக் கட்டுற வழக்கம் இல்லியேப்பா" என்றார் பூசாரி. தங்கமலை அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, நீயே சொல்லு. நீ சொல்றதுதான்."

பூசாரி கையில் துணி காத்திருக்கிறது. அவன் நேர்ந்துகொண்ட வார்த்தையை வைத்துச் சொல்லுங்கள்: பரிவட்டம் யார் தலைக்குப் போக வேண்டும்?

விடை: பேச்சியம்மா தலைக்கு. சிறுநீரகம் கொடுத்தது பெரிய காரியம்தான், ஆனால் அது வேண்டுதலுக்கு முந்தியது. வேண்டுதல் வாயைக் காப்பாற்றி வைத்தவருக்கு. கத்தி மட்டும் பட்டபோது ஈறு பத்து மாதத்தில் திரும்பியது. மாத்திரை மாறியும் அவள் இல்லாத இரண்டு மாதத்தில் தலை தூக்கியது. காவல் இல்லாத ஒன்பது நாளிலோ ஒன்றும் கெடவில்லை. அட்டையைப் பார்த்த வீரணனுக்கு இது தெரியாதா? பூசாரி கையிலிருந்து துணியை வாங்கி அவரே அவள் தலையில் கட்டினார். "வழக்கத்தப் பதினோரு வருசம் முன்னாடியே உடைச்சாச்சு" என்றார், கூட்டத்தில் நின்ற தம்பியின் மாமனார் காதில் விழும்படி. மறுநாள் காலை எட்டு மணிக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்து சொம்பைத் தட்டினார். பேசவில்லை.